எம்.பி.ஏ. முடித்துவிட்டுப் பொதுத்துறைக்குப் போகலாமா? ஒரு மும்பைக்காரியின் கணக்கு

கோழி மேய்த்தாலும் கோர்ன்மெண்டில் மேய்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்லாதவர் கிடையாது. சொல்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தத் துறைக் கோழி, எந்த மாநிலத்துக் கொல்லை, மேய்க்கிறவருக்குப் பத்தாவது வருடத்தில் என்ன பதவி? இதற்குப் பதில் தெரியாமல் அரசு வேலையா தனியார் வேலையா என்று பட்டிமன்றம் நடத்துவது வீண். வணிக மேலாண்மை படித்தவர்களைப் பொதுத்துறையின் சில இடங்கள் அக்கறையோடு தேடுகின்றன. வேறு சில இடங்களில் நாம் என்ன படித்தோம் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நான் ஆண்டாப் ஹில்லில் பிறந்து வளர்ந்தவள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மும்பைப் பல்கலைக்கழகத்தின் எம்.எம்.எஸ். பட்டத்தை 2021-இல் முடித்தேன். மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பெயர் பலருக்குத் தெரியாது என்பதால், ஊருக்குப் போனால் எம்.பி.ஏ. என்றே சொல்லிவிடுவது வழக்கம். கல்விக் கடனோடு படித்தேன். வளாகத் தேர்வில் ஒரு தனியார் வங்கியின் விற்பனைப் பிரிவில் வேலை கிடைத்தது. 2023-இல் அதை விட்டுப் பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரியாகச் சேர்ந்தேன். யவத்மாள் மாவட்டத்து ஊரகக் கிளையில் இருந்துவிட்டு, இப்போது மும்பையில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கியவள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன். வங்கிகளின் பெயர் இங்கே தேவையில்லை.

முதலில் வாசல்கள். பொதுத்துறை என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது எண்ணெய் நிறுவனங்கள்தான். செம்பூர்க்காரர்கள் மாஹுல் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகளைப் பார்த்தபடியே வளர்ந்தவர்கள். அங்கே வேலை என்றால் தனி மதிப்பு. ஆனால் அப்படிப்பட்ட நிறுவனங்கள் புதிதாக எடுக்கும் அதிகாரிகளில் பெரும்பாலோர் பொறியாளர்கள். பல நிறுவனங்கள் அவர்களைக் ‘கேட்’ எனும் பொறியியல் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து அழைக்கின்றன. நிதிப் பிரிவுக்குப் பட்டயக் கணக்கரோ செலவுக் கணக்கரோ வேண்டும். மனிதவளப் பிரிவுக்கு அதே பாடத்தில் முதுகலை வேண்டும், விரிவுரையாளர் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் மதிப்பெண்ணைக் கேட்ட நிறுவனங்களும் உண்டு. சந்தையியல் படித்தவருக்கு மிஞ்சுவது விரல்விட்டு எண்ணும் இடங்கள், அவையும் எல்லா ஆண்டும் வருவதில்லை. என் வகுப்பில் மனிதவளம் எடுத்த தோழி ஒருத்தி அந்த வழியில் உள்ளே போனாள். அதே வகுப்பில் சந்தையியல் எடுத்த நாங்கள் அந்த அறிவிக்கைகளைப் படித்துப் பார்த்துவிட்டு மூடிவைத்தோம்.

கிடைத்தால் சம்பளம் நன்றாகவே இருக்கும், மறுப்பதற்கில்லை. 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஊதிய விகிதப்படி, அதிகாரிகளின் ஈ-1 தரத்துக்கு அடிப்படைச் சம்பளம் 40,000 முதல் 1,40,000 வரை; ஈ-2 தரத்துக்கு 50,000 முதல் 1,60,000 வரை. ஆண்டு உயர்வு 3 விழுக்காடு. படிகள் அடிப்படையில் 35 விழுக்காடு வரை போகலாம். இதன்மேல் நிறுவனத்தின் லாபத்தைப் பொறுத்துச் செயல்திறன் ஊதியம் வரும். லாபம் ஈட்டும் நிறுவனத்துக்கும் நட்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கும் நடுவே இந்தக் கடைசி வரியில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஆகவே தரத்தை மட்டும் பார்க்காமல், சேரப்போகும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் புரட்டுங்கள். படித்தது மேலாண்மை, ஆண்டறிக்கையைக்கூடப் படிக்காமல் விண்ணப்பித்தால் அந்தப் படிப்புக்கு என்ன மரியாதை?

அடுத்த வாசல் வங்கியும் காப்பீடும். பாரத ஸ்டேட் வங்கியின் பி.ஓ. எனும் தகுதிகாண் அதிகாரி தேர்வு, மற்ற பொதுத்துறை வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வு, எல்.ஐ.சி.யின் உதவி நிர்வாக அதிகாரி தேர்வு. வங்கித் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும். அங்கே உங்கள் எம்.பி.ஏ.வும் இன்னொருவரின் தாவரவியல் பட்டமும் ஒன்றுதான். முதல்நிலைத் தேர்வு 100 கேள்விகள், 60 நிமிடங்கள், தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழிவு. இதில் நிறுவன உத்தி பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. விகிதக் கணக்கை இருபது நொடியில் முடிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். என்னோடு படித்த சிலருக்கு இது கௌரவப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. இரண்டு வருடம் வணிகச் சூழல் ஆய்வு எழுதியவர்கள் வட்ட மேசையில் எட்டுப் பேரை உட்காரவைக்கும் புதிருக்குத் திணறுவதை ஏற்றுக்கொள்ள முடியாமல் விலகிப் போனார்கள்.

மூன்றாவது வாசலைத்தான் மேலாண்மை படித்தவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையை நெறிப்படுத்தும் செபி, வேளாண்மை-ஊரகக் கடனுக்கான நபார்டு. மூன்றுக்கும் தலைமையகம் நம் ஊரிலேயே இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் மத்திய அலுவலகம் 1937 முதல் மும்பையில்; மற்ற இரண்டும் பாந்திரா-குர்லா வளாகத்தில். ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அதிகாரி தேர்வில் இரண்டாம் கட்டத்தில் நிதியும் மேலாண்மையும் என்றே ஒரு தாள் இருக்கிறது. ஊக்குவிப்புக் கோட்பாடுகள், தலைமைப் பண்பு, நிறுவன ஆளுகை எல்லாம் நாம் தேர்வுக்கு முந்தைய இரவு உருப்போட்டு மறந்த பாடங்கள். பொறியாளர் புதிதாகக் கற்கும் இடத்தில் நாம் தூசி தட்டினால் போதும். பொதுப் பிரிவினருக்குப் பட்டப்படிப்பில் 60 விழுக்காடு அல்லது முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். பி.காம்.-இல் 58 வாங்கிய என் நண்பர் ஒருவர் தனக்குத் தகுதியில்லை என்றே நினைத்திருந்தார், எம்.எம்.எஸ். மதிப்பெண்ணே கதவைத் திறக்கும் என்று காட்டிய பிறகுதான் விண்ணப்பித்தார். நான் அந்தத் தேர்வின் முதல் கட்டத்தைத் தாண்டினேன், இரண்டாம் கட்டத்தில் நின்றுவிட்டது. ஆனால் அதற்காகப் படித்த பொருளாதாரம் வங்கி நேர்காணலில் சோறு போட்டது.

இனிப் பணம். வளாகத் தேர்வுக் கடிதம் வந்த அன்று அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கால்பாதேவியில் ஒரு துணி மொத்த வியாபாரியிடம் காலமெல்லாம் கணக்கு எழுதியவர். முதல் பக்கத்தில் ஆண்டுக்கு 7 லட்சம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகக் கடைசிப் பக்கத்து இணைப்புக்குப் போனார். பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை ஒதுக்கீடு, மருத்துவக் காப்பீட்டுத் தவணை, இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் ஊக்கத்தொகை. எல்லாம் கழிந்தபின் மாதம் 40,000-க்குக் கொஞ்சம் மேலே ஒரு தொகையை வட்டமிட்டு, "இதுதான் உன் சம்பளம், மற்றதெல்லாம் அவர்கள் கணக்கு" என்றார்.

பொதுத்துறை வங்கிக் கடிதம் வந்தபோதும் அதே பென்சில் வந்தது. இந்த முறை கழிப்பதைவிடக் கூட்டுவதற்கே அதிகம் இருந்தது. அகவிலைப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். வாடகை வீட்டை வங்கியே ஒப்பந்தம் போட்டு எடுத்துத் தரும். மும்பை வாடகையில் அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊழியருக்கான வீட்டுக் கடன் வட்டி வெளியாருக்கானதைவிடக் குறைவு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊதிய ஒப்பந்தம். நான் சேர்ந்தபோது முதல்நிலை அதிகாரியின் தொடக்க அடிப்படை 36,000. 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தான பன்னிரண்டாம் ஒப்பந்தத்துக்குப் பிறகு அது 48,480 ஆயிற்று. அந்த வாரம் ஊரிலிருந்து வந்த வாழ்த்துத் தொலைபேசிகளுக்குக் கணக்கில்லை. பழைய அகவிலைப்படியின் பெரும்பகுதி அடிப்படையில் கலந்துவிட்டதால், கைக்கு வந்த உயர்வு அந்த எண்ணில் தெரிந்த அளவுக்கு இல்லை என்பதை யாரிடமும் விளக்க முடியவில்லை. ஒப்பந்தம் 2022 நவம்பரிலிருந்து செல்லும் என்பதால், சேர்ந்த நாள் முதலான நிலுவை மொத்தமாக வந்தது. அது கல்விக் கடனுக்குப் போனது.

ஓய்வூதியம் பற்றி மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். சாகும்வரை மாதாமாதம் பழைய பாணி ஓய்வூதியம் வரும் என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் பொதுத்துறை வங்கிகளில் சேர்ந்தவர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறார்கள். வங்கி 14 விழுக்காடு போடுகிறது, நாம் 10 விழுக்காடு போடுகிறோம், முடிவில் என்ன தேறும் என்பது சந்தையின் கையில். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் செய்தியில் ஓடியபோது எங்கள் அத்தை எனக்கும் சேர்த்து மகிழ்ந்தார். வங்கிக்காரர்களுக்கு அது கிடையாது.

நிரந்தரம் என்ற சொல்லிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. காரணம் பெரியப்பா. பரேலில் அரசு எடுத்து நடத்திய ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவர். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மும்பையின் ஆலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தபோதும், தம்முடையது சர்க்கார் ஆலை என்று தைரியமாக இருந்தார். கடைசியில் விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரு காசோலையோடு வீட்டுக்கு வந்தார். விருப்பம் யாருடையது என்று அப்பா இன்றைக்கும் கேட்பார்.

அது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2017-இல் 27-ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 2020 ஏப்ரல் 1-இல் 12 ஆகிவிட்டன. வேலை போகவில்லை, ஆனால் பெயர்ப்பலகை, பணிமூப்புப் பட்டியல், இடமாற்ற விதி எல்லாம் மாறின. கஃப் பரேடில் தலைமையகம் உள்ள ஐ.டி.பி.ஐ. வங்கியை 2019 ஜனவரி முதல் செல்லும்படி ரிசர்வ் வங்கி தனியார் வங்கி என்று வகைமாற்றியது. பாரத் பெட்ரோலியத்தை விற்பதற்கு 2019 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வாங்குவதற்கு ஆள் நிலைக்காமல் 2022 மே மாதத்தில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. நடுவில் இருந்த இரண்டரை ஆண்டு அங்கே வேலை பார்த்தவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்? ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடமே போய்விட்டது. பொதுத்துறைக்குள் ஆட்குறைப்புக் கத்தி தனியார் அளவுக்குத் தொங்கவில்லை என்பது உண்மைதான். சேரும்போது இருக்கும் நிறுவனமே ஓய்வுபெறும்போதும் இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. அது காத்திருப்பு.

மும்பையில் மாநகராட்சியும் மண்டல் எனும் வட்டாரச் சங்கங்களும் நடத்தும் அப்யாசிகாக்கள், அதாவது படிப்பகங்கள், உண்டு. ஒன்றரை அறை வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகள் அங்கே போய் உட்காருவார்கள். நான் அலுவலகம் முடிந்து இரவு அங்கே போவேன். காலையில் வீட்டில் படிக்க வழியில்லை; குழாயில் தண்ணீர் வரும் நேரமும் அதுதான். அப்யாசிகாவில் சுவரோர நாற்காலிகளில் எப்போதும் சில அண்ணன்மார் இருப்பார்கள். தங்களுக்கென்று மெத்தை, தண்ணீர்க் குடுவை, பூட்டுப் போட்ட பெட்டி எல்லாம் வைத்திருப்பார்கள். எந்தத் தேர்வின் எந்த ஆண்டுக் கட்டாஃப் எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு எத்தனையோ சந்தேகம் தீர்த்துவைத்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அவர்களில் சிலருக்கு முப்பது வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது, கையில் ஒரு நாள் வேலை அனுபவம்கூட இல்லை. பொதுப் பிரிவினருக்கு ஸ்டேட் வங்கித் தேர்வில் நான்கு வாய்ப்பு, ரிசர்வ் வங்கியில் ஆறு. நான்கு வாய்ப்பு இருக்கிறது என்பதை நான்கு ஆண்டு இருக்கிறது என்று படித்துக்கொள்கிறார்கள். கூடுதல் வயதும் வாய்ப்பும் உள்ள பிரிவினருக்கு இந்த மயக்கம் இன்னும் அதிகம்.

மேலாண்மை பட்டதாரிக்கு இதில் கூடுதல் நட்டம். தனியார் நிறுவனங்கள் நம்மைக் கல்லூரி முடித்த சூட்டில் வாங்கிக்கொள்ளும். இரண்டு வருடம் தேர்வெழுதிவிட்டுத் திரும்பி வந்தால் முதல் கேள்வியே அந்த இடைவெளிதான். கல்விக் கடனும் சும்மா இருக்காது. படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். எனக்கு அது ஒருவகையில் நல்லதாகவே போயிற்று. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா என்ற யோசனைக்கே இடமில்லை. சம்பளம் வந்தபடி இருந்தது, தவணை போனபடி இருந்தது, மிஞ்சிய நேரத்தில் தேர்வு. அப்பாவும் நானும் ஒரு நாள் குறித்துக்கொண்டோம்: 2023 மே மாதத்துக்குள் கையில் கடிதம் இல்லாவிட்டால் பொதுத்துறைப் பேச்சை வீட்டில் எடுப்பதில்லை, தனியாரிலேயே அடுத்த நிறுவனத்துக்கு முயல்வது. அந்த நாளைக் குறித்தபிறகுதான் படிப்பில் ஒரு சூடு பிடித்தது. உங்கள் வீட்டு நிலைக்கு ஏற்ப அந்த நாள் முன்னே பின்னே இருக்கலாம். குறிக்காமல் இருக்காதீர்கள்.

பயிற்சி மையத்துக்கு நான் போகவில்லை. பழைய வினாத்தாள், ஒரு மாதிரித் தேர்வுத் தொகுப்பு, பொருளாதார ஆய்வறிக்கையின் சுருக்கம், தினமும் ஒரு நாளிதழ். போதுமானதாக இருந்தது. மற்றவர்களுக்கு மையம் தேவைப்படலாம். அதைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆவணங்களைப் பற்றி விரித்துத்தான் சொல்ல வேண்டும். தேர்வில் தோற்றவர்களைவிடச் சான்றிதழில் மாட்டிக்கொண்டவர்களின் கதைதான் வயிற்றெரிச்சல். மும்பைத் தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் மாநிலவாரியானது. நாம் இங்கே பிறந்திருந்தாலும் நம் சாதி தமிழ்நாட்டுப் பட்டியலில்தான் இருக்கும். ஊரில் தாசில்தார் கொடுத்த பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை அப்படியே நீட்டினால் வேலைக்காகாது. பிற்படுத்தப்பட்டோரில் வசதிபடைத்தோருக்கு ஒதுக்கீடு இல்லை என்ற ‘கிரீமி லேயர்’ விலக்கை மாநில இடஒதுக்கீட்டில் தமிழ்நாடு பின்பற்றுவதில்லை. மத்திய வேலைக்கு அந்த விலக்கில் வரவில்லை என்ற வாசகம் மத்திய அரசின் படிவத்தில், அறிவிக்கை கேட்கும் தேதிக் கணக்கில் இருக்க வேண்டும். அப்பாவின் பழைய சாதிச் சான்றிதழைத் தேடி எடுத்து, அதன் அடிப்படையில் புதிதாக வாங்க எங்கள் வீட்டில் ஆளாளுக்குத் திருநெல்வேலிக்கும் மும்பைக்கும் தொலைபேசிக்கொண்டே இருந்தோம். அறிவிக்கை வந்தபின் தொடங்கினால் நேரம் போதாது. இன்றைக்கே தொடங்குங்கள்.

அடுத்தது சிபில், அதாவது நம் கடன் வரலாற்றுப் பதிவு. பல வங்கி அறிவிக்கைகளில் ஓர் ஓரமாக எழுதியிருக்கும்: கடனையோ கிரெடிட் கார்டு நிலுவையையோ கட்டாத பதிவு இருந்தால் நியமனம் இல்லை. கல்விக் கடன் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். தவணை தவறிவிட்டால் நேராக வங்கிக்குப் போய்ச் சரிசெய்து, நிலுவையில்லை என்ற கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தர மதிப்பெண்ணை விழுக்காடாக மாற்றிய சான்று, பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒரே எழுத்தில் பெயர், இவையும் அப்படியே. நம் ஆட்களுக்குத் தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மகாராஷ்டிரப் பள்ளி ஆவணத்தில் அப்பா பெயர் முழுதாக நடுவில் உட்கார்ந்திருக்கும். மூன்றும் ஒரே பெண்தான் என்று நான் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன்.

தனியாரில் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள் விடுவிப்புக் கடிதத்தை மறந்துவிடக் கூடாது. பல நிறுவனங்களில் 90 நாள் முன்னறிவிப்பு. வங்கியோ சில வாரத்தில் வந்து சேரச் சொல்லும். சேரும் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டு எழுதலாம். தருவது வங்கியின் விருப்பம். அதனால் பணி ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக்குப் பதில் பணம் கட்டும் பிரிவு இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பிணைப் பத்திரமும் உண்டு. ஸ்டேட் வங்கி பி.ஓ.வுக்கு மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய். ரிசர்வ் வங்கி முடிவுக்குக் காத்துக்கொண்டே அங்கே சேர்கிறவர்கள் இந்தத் தொகையையும் மனத்தில் வைக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு என்ன? விற்பனை இலக்குத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் பலர் பொதுத்துறை வங்கிக்கு வருகிறார்கள். இங்கும் இலக்கு உண்டு. யவத்மாளில் வட்டார அலுவலகத்திலிருந்து தினமும் தொலைபேசி வரும்: காப்பீட்டுத் திட்டத்தில் இன்று எத்தனை பேர், அடல் ஓய்வூதியத்தில் எத்தனை பேர். பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய். பிடித்தம் ஆகும் மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் கிளையில் வாக்குவாதம் ஓயாது. யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று பருத்தி விவசாயி ஒருவர் பாஸ்புக்கை மேசையில் வைத்துச் சண்டை போடுவார். எனக்கு முன்னால் இருந்த அதிகாரி வாங்கிய ஒப்புதல் படிவத்தைத் தேடி எடுத்துக் காட்ட வேண்டும். நான் பேசுவது மும்பை மராத்தி, அவர் பேசுவது அந்தப் பக்கத்து மராத்தி வழக்கான வராடி. பாதி புரியும், பாதியைக் காசாளர் விளக்குவார்.

அதே திட்டத்தில் ஒரு பெண் வந்தார். கணவர் இறந்து சில வாரம் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் பையிலிருந்து பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், இரண்டு ஆதார் அட்டை எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தார். கணக்கை மூடி மிச்சப் பணத்தை வாங்கத்தான் வந்திருந்தார். காப்பீடு இருப்பதே தெரியாது. பக்கத்தைப் புரட்டினால் 436 பிடித்த வரி இருந்தது. நியமனதாரர் இடத்தில் அவருடைய பிறந்த வீட்டுப் பெயர், ஆதாரில் புகுந்த வீட்டுப் பெயர். கிராம பஞ்சாயத்துக் கடிதம் வாங்கிவரச் சொல்லி, படிவத்தை நானே நிரப்பி அனுப்பினேன். காப்பீட்டு நிறுவனம் ஒருமுறை திருப்பி அனுப்பியது, மறுபடி அனுப்பினோம். 2 லட்சம் ரூபாய் அவர் கணக்கில் ஏறியது. இலக்குத் தொல்லை இல்லாதிருந்தால் அந்தக் கணவரின் பெயர் திட்டத்தில் சேர்ந்தே இருக்காது என்பது எனக்குத் தெரியும். அதற்காக அந்தத் தொலைபேசிகளை நான் மன்னித்துவிடவில்லை. ஆனால் தனியாரில் இருந்தபோது நான் விற்ற எந்தக் காப்பீடும் இப்படி ஒருவர் கையில் பணமாகப் போய்ச் சேர்வதைப் பார்த்ததில்லை.

தனியார் அனுபவம் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லும் விதம், மின்னஞ்சலுக்கு அன்றே பதில் போடும் பழக்கம், ஒரு தொழிலின் கணக்கைப் பார்த்ததும் எங்கே இடிக்கிறது என்று தோன்றும் உணர்வு, எல்லாம் அங்கே வந்தது. கடன் பிரிவுக்கு என்னை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பதவி உயர்வில் மட்டும் பொறுமை வேண்டும். எவ்வளவு ஓடினாலும் குறிப்பிட்ட ஆண்டுகள் முடியாமல் அடுத்த நிலைத் தேர்வுக்குத் தகுதி வராது. பக்கத்து மேசைக்காரர் ஓடாமலே அதே நாளில் தகுதி பெறுவார். இது உங்களுக்கு எரிச்சல் தருமென்றால், தயவுசெய்து வராதீர்கள். என்னோடு சேர்ந்த ஒருவர் இதைப் பொறுக்க முடியாமல் பிணைத் தொகையைக் கட்டிவிட்டு ஒரு நிதி நிறுவனத்துக்குப் போனார். அங்கே நன்றாக இருக்கிறார்.

பெண்களுக்கு ஒரு சொல். இந்தியாவில் எங்கும் பணியமர்த்தலாம் என்ற வரி வரன் பார்க்கும் வீட்டில் பெரிய பேச்சாகும். மணமான பெண் ஊழியரைக் கணவர் இருக்கும் ஊரிலோ அதன் அருகிலோ, மணமாகாதவரைப் பெற்றோர் அருகிலோ இயன்றவரை அமர்த்தும்படி 2014-இல் நிதியமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. இயன்றவரை என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். நான் விண்ணப்பித்தேன், யவத்மாள் முடிந்துதான் மும்பை வந்தது.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். நேற்றுத் தேர்வானவரிடம் கேட்காதீர்கள், அவர் இன்னும் மாலையோடு இருப்பார். ஏழெட்டு வருடம் முடித்து, இரண்டு இடமாற்றம் பார்த்த ஒருவரைப் பிடியுங்கள். சம்பளத்தைக் கேட்காமல், நேற்று காலை பத்து மணி முதல் மாலை வரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சயான், மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் எங்கும் நம் ஆட்களில் அப்படி ஒரு வங்கிக்காரர் இல்லாத கட்டடம் இருக்காது. செட்டா நகர் முருகன் கோயிலில் ஒரு கிருத்திகை அன்று நின்றால் பாதி ஆய்வு முடிந்துவிடும்.

டோம்பிவிலியில் இருக்கும் சித்தி மகன் இந்த ஆண்டு எம்.எம்.எஸ். முடிக்கிறான், நிதிப் பாடம். அவனுக்கு நான் கிரேடு பி தேர்வையும் வங்கித் தேர்வையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன், எண்ணெய் நிறுவனப் பேச்சை விட்டுவிடச் சொன்னேன். சித்தப்பா ஊருக்குப் போகும்போது சான்றிதழ் வேலையைப் பார்த்துவிட்டு வருகிறார். அடுத்த வாரம் அவனுக்குப் பவாயில் ஒரு தனியார் நிறுவன நேர்காணல் இருக்கிறது. அதற்கும் நன்றாகத் தயாராகிப் போகச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால் சேர்ந்துகொண்டே எழுதட்டும்.